அட்மின் மட்டும் பேசும் குழுக்கள்

எங்கள் பக்கத்தில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையின் போனை வாங்கிப் பார்த்தால் ஏழெட்டு வட்ஸ்அப் குழுவாவது இருக்கும். பாடசாலைக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று, ஒவ்வொரு ரியூசன் சேருக்கும் தனித்தனியாக ஒன்று, பழைய வினாத்தாள் பிடிஎப் வருவதற்கென்று இன்னொன்று. பிள்ளையின் போன் என்று சும்மா சொல்கிறேன், பெரும்பாலும் அது அம்மாவுடையது. அந்தக் குழுக்களில் முக்கால்வாசியில் அடியில் ஒரு வரி கிடக்கும்: அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம். சேர் பிடிஎப் போடுவார், பிள்ளைகள் பெருவிரல் போடுவார்கள், அவ்வளவுதான். கேட்டால் ஒன்லைன் கல்வி என்பார்கள்.

நான் இலங்கையின் வடக்கே வன்னியில், துணுக்காய், மல்லாவிப் பக்கம் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எனக்கு இந்தப் பூட்டு மேல் பெரிய கோபம். சமூக வலைத்தளம் என்ற சங்கதியே பிள்ளைகள் தங்களுக்குள் கதைத்ததால் வந்தது. அந்தக் கதையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டு நாங்கள் வகுப்பு நடத்துகிறோம்.

பேஸ்புக்கில்தான் எல்லாம் தொடங்கியது என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய கதை. 1960இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிற்சர் என்பவர் பிளேட்டோ என்ற கணினித் தொகுதி ஒன்றை உருவாக்கினார். பாடம் திரையில் வரும், மாணவர் விடை அடிப்பார், சரியா பிழையா என்று கணினி சொல்லும். தனித்தனியாக இருந்து படிக்கத்தான் அது. ஒருவரோடு ஒருவர் கதைப்பதற்கென்று யாரும் அதைச் செய்யவில்லை. 1970களில் செம்மஞ்சளாக ஒளிரும் பிளாஸ்மாத் திரைகளோடு அது பல இடங்களுக்கும் பரவியபோது, பிழைகளை அறிவிக்க எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்பை வைத்திருந்தார்கள். யார் எழுதியது என்று தெரியாது, யாரும் யாருடையதையும் அழித்துவிடலாம். ஒரே குழப்பம். 1973இல் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பொடியனிடம் இதைத் திருத்தித் தா என்று கொடுத்தார்கள். எழுதியவர் பெயர், திகதி, நேரம் தானாக விழுகிற மாதிரி, ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே 63 பதில்கள்வரை போடக்கூடிய மாதிரி ஒன்றை அவர் எழுதிக் கொடுத்தார். பெயர் 'நோட்ஸ்'. பிழை அறிவிக்க வந்தவர்கள் அங்கே நின்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டில் டக் பிறவுண் என்பவரும் வூலியும் சேர்ந்து 'டோக்கோமற்றிக்' என்ற அரட்டை அறையையும் செய்தார்கள். ஒரு அறையில் ஐந்து பேர் எழுதலாம், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம். நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அந்தக் கணமே மற்றவர் திரையில் தெரியும், அழித்து அழித்து எழுதுவதும் சேர்த்து. (இன்று 'டைப்பிங்' என்று காட்டுவதையே பதைபதைப்போடு பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் ஆட்களுக்கு அது சரிவராது.)

அப்புறம் வந்ததும் வளாகங்களுக்குள் இருந்துதான். கணினி வழி விவாதக் குழுக்களின் வலையான யூஸ்நெற்றை 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் யோசித்தார்கள். பேஸ்புக் 2004 பெப்ரவரியில் ஹார்வர்டுக்குள் தொடங்கியது, பல்கலைக்கழக மின்னஞ்சல் இல்லாமல் உள்ளே போக முடியாது, 2006இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தார்கள்.

வன்னிக்கு வருவோம். எங்களுக்குப் போன் சிக்னலே போர் முடிந்த பிறகு வந்த விருந்தாளி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது வகுப்பை அப்படியே வட்ஸ்அப்புக்குள் தூக்கிப்போட்டோம், வேறு வழியும் இருக்கவில்லை. குளக்கட்டில் ஏறினால்தான் இரண்டு கோடு சிக்னல் வரும் என்ற ஊர்களில் பின்னேரத்தில் பிள்ளைகள் வரிசையாக அங்கே குந்தியிருப்பார்கள். காலையில் அப்பா வயலுக்குப் போகும்போது போனையும் கொண்டு போய்விடுவார், இரவு ஏழு மணிக்குத்தான் பிள்ளையின் கைக்கு வரும். புரொபைலில் பிள்ளையார் படமும் அம்மாவின் பெயரும் இருப்பதால் எந்தப் பிள்ளை கேள்வி கேட்கிறது என்று கண்டுபிடிக்கவே தனியாக ஒரு கொப்பி வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் பூட்டு போட்டதற்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு குழுவில் எண்பது பேர், அதில் பாதிப் பேர் பெற்றோர், குட் மோர்னிங் படமும் 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்' என்கிற செய்தியும் வந்து குவிந்தால் வினாத்தாள் எங்கே போய் மறைகிறது என்றே தெரியாது. அதைவிடப் பெரிய பிரச்சினை பொம்பிளைப் பிள்ளைகளின் நம்பர். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம்பர் எல்லோருக்கும் தெரியும், இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஒருவன் 'ஹாய்' போடுவான், அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் வீட்டில் போனைப் பறித்துவிடுவார்கள், படிப்பும் அதோடு நின்றுவிடும். இப்படி நின்ற பிள்ளைகள் எனக்குத் தெரியும். அதனால்தான் நான் என் குழுவை டெலிகிராமுக்கு மாற்றினேன். அங்கே நம்பரை மறைக்கலாம், பெரிய கோப்புகளையும் போடலாம். ஆனால் நம்பரை யாருக்குமே தெரியாமல் முழுதாக மறைக்க செற்றிங்ஸுக்குள் போய் மாற்ற வேண்டும், அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரில் இருந்து காட்டிக் கொடுத்தேன். பூட்டு போடுவது இதைவிடச் சுகம்தான், ஒரு நிமிச வேலை.

சரி, பூட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? ஒரு உதாரணம். சாய்தளத்தில் இருக்கிற கட்டைக்கு உராய்வு விசை எந்தப் பக்கம் என்று ஒரு பிள்ளை இரவில் கேட்டது. நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். முதலில் ஒருவன் 'எப்பவும் மேல்நோக்கி' என்றான். இன்னொருத்தி 'இல்லை, கீழ்நோக்கி' என்று படம் கீறிப் போட்டாள். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. கடைசியில் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பொடியனிடமிருந்து ஒரு வொய்ஸ் வந்தது, பின்னால் ஆடு கத்துகிற சத்தமும் சேர்த்து: "டேய், நெல்லு மூட்டையைப் பலகை வச்சு உழவு மிசின் பெட்டிக்கை ஏத்தேக்கை என்ன நடக்கும்? நீ மேலை தள்ளேக்கை பலகை மூட்டையைக் கீழை இழுக்கும். களைச்சுப் போய்க் கையை விட்டா மூட்டை கீழை வழுக்கப் பாக்கும், அப்ப பலகை மேலை பிடிக்கும். எந்தப் பக்கம் போகப் பாக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம். ரெண்டு பேர் சொன்னதும் சரி, ரெண்டும் வேற வேற கணக்கு." அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? நான் கரும்பலகையில் அதே விசயத்தை எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன், மிசின் பெட்டி எனக்குத் தோன்றவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதே ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்தில் விரிவுரையை இடையில் நிறுத்தி, ஒரு கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க விட்டுப் பார்த்தார். அவர் சொல்லி விளங்காதது பக்கத்தில் இருந்தவர் சொல்லி விளங்கியது. நேற்று விளங்கிக்கொண்டவனுக்கு, எங்கே தடக்குப்படும் என்பது இன்னும் ஞாபகம் இருக்கும். இருபது வருசமாகப் படிப்பிக்கிறவருக்கு அது மறந்து போயிருக்கும். பூட்டிய குழுவில் அந்தப் பொடியனின் வொய்ஸுக்கு இடமே இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களின் உதவியும் இந்த வழியாகத்தான் வருகிறது. ரொறன்ரோவில் இருந்து ஒருவர் சனிக்கிழமைகளில் சூமில் இணைந்த கணிதம் எடுக்கிறார். இங்கே இரவு ஏழு மணி என்றால் கோடையில் அங்கே காலை ஒன்பதரை. நல்ல விசயம், நன்றி. ஆனால் அங்கேயும் எல்லோரையும் மியூற்றில்தான் வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் போனுக்குள் போட்டுவிடவும் கூடாது. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லை, ரவர்களே படுத்துவிட்டன. அடுத்த சில நாளில், ஏப்ரல் 3ஆம் திகதி, அரசாங்கம் வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாவற்றையும் முடக்கியது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இதே கூத்துத்தான். கொப்பியும் பேனையும் முடங்காது. டேட்டாக் காசு வேறு. அதனால் வீடியோ அனுப்பாதீர்கள், எழுதியதைப் படம் பிடித்து அனுப்புங்கள், அல்லது ஒரு நிமிச வொய்ஸ் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கேள்வி வந்து ஒரு நாள் கழியுமட்டும் நான் பதில் போடுவதில்லை. பிழையான விடைக்கு யாராவது சிரித்தால் மட்டும் உடனே உள்ளே போவேன்.

குழுவைப் பூட்டி வைத்திருக்கிற அதிபர்மாரிடமும் சேர்மாரிடமும் ஒரு சின்ன வேண்டுகோள். முழு நாளும் திறந்துவிடச் சொல்லவில்லை. போன் பிள்ளையின் கையில் இருக்கிற அந்த ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை மட்டும் திறவுங்கள், ஒரு ஆசிரியர் முறைவைத்துப் பார்க்கட்டும், ஒன்பதுக்குப் பூட்டுங்கள். பெற்றோருக்குத் தனிக் குழு ஒன்று வையுங்கள், குட் மோர்னிங் படம் எல்லாம் அங்கே போகட்டும். எப்படியும் அதைப் போடுவது பிள்ளைகள் இல்லை.