விளையாட்டு வழி ஆற்றுப்படுத்தலைப் படிக்க வருகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து சில அனுபவங்கள்

ஆலோசனை உளவியல் முதுகலையில் சேர்ந்து, விளையாட்டின் வழியாகவே குழந்தைகளின் மனச் சிக்கல்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசையோடு வரும் இளையவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தெந்த விளையாட்டுச் சாமான்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?" என்பதுதான். முதலில் ஒரு நல்ல நோட்டு வாங்குங்கள் என்பேன். இந்தப் படிப்பில் விளையாடக் கற்பது ஒரு வாரத்து வேலை. குழந்தை விளையாடும்போது என்ன பார்க்கிறோம், அதை எப்படி எழுதுகிறோம், எழுதியதை வைத்து அடுத்த அமர்வில் என்ன செய்கிறோம் என்பதைக் கற்கத்தான் இரண்டு ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

ஒவ்வொரு அமர்வும் முடிந்த கையோடு, பஸ் ஏறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் நம் கருத்து கலந்துவிடும். நான் பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்வேன்: குழந்தை செய்தது, குழந்தை சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் எழுந்தது. "சிறுவன் கோபக்காரன்" என்று எழுதினால் அதில் தகவலே இல்லை. "தாயம் விழாத ஒவ்வொரு முறையும் கட்டையை இன்னும் பலமாக உருட்டினான், என் காய் வெட்டுப்பட்டபோது சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தான்" என்று எழுதினால், மேற்பார்வை ஆசிரியர் அதை வைத்து உங்களோடு ஒரு மணி நேரம் பேச முடியும். தோற்ற பெரியவர் என்ன செய்வார் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அந்த ஒரு வரியிலிருந்துதான் எனக்குப் பிடிபட்டது. வீட்டில் அப்பா தோற்கும்போது என்ன நடக்கும் என்பது பிறகு, அவனுடைய வேகத்தில், தானாக வந்தது.

தேர்வுக்கான பாடப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏனென்றால் அது புத்தகத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வின் முன்னோடிகளான மெலனி கிளைன், அன்னா பிராய்டு இருவருக்கும் இடையிலான வேறுபாடு விரும்பிக் கேட்கப்படும் கேள்வி. பெரியவர்கள் மனத்தில் தோன்றுவதைத் தடையின்றிச் சொல்வதற்குச் சமமாகக் குழந்தையின் விளையாட்டைக் கிளைன் எடுத்துக்கொண்டார். அதற்கு நேரடியாகப் பொருள் சொன்னார். அன்னா பிராய்டு விளையாட்டை முதலில் உறவை வளர்க்கும் வழியாகப் பார்த்தார். வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் வெளியிட்ட நூலில் விளையாட்டு வழிச் சிகிச்சைக்குத் தந்த எட்டுக் கொள்கைகளை மனப்பாடம் செய்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் களப்பயிற்சியிலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்து எதிரே எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டு கிடைக்காத கொள்கைதான் உங்களுக்குப் புரியாத கொள்கை. விளையாட்டு வழிச் சிகிச்சையாளர் கேரி லேண்ட்ரெத் பொம்மைகளை மூன்றாக வகைப்படுத்துவதையும் (அன்றாட வாழ்க்கைப் பொம்மைகள், ஆத்திரத்தை வெளிக்காட்ட உதவுபவை, படைப்புக்கும் உணர்வு வெளிப்பாட்டுக்குமானவை), வரம்பு விதிக்கும்போது மூன்று படிகளாகப் பேசச் சொல்வதையும் நன்றாகப் படியுங்கள். "உனக்கு என் மேல் கோபம், ஆனால் மனிதர்களை அடிப்பதற்கில்லை, அந்தத் தலையணையை அடிக்கலாம்." உணர்வு, வரம்பு, மாற்று வழி. இந்த வரிசையைக் கண்ணாடி முன் நின்று தமிழில் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் படித்து வைத்தால், குழந்தை பொம்மைக் காரை ஓங்கிப் பிடித்திருக்கும் அந்த நொடியில் வார்த்தை வராது.

பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மார்கரெட் லோவன்ஃபெல்டு. லண்டனில் 1929 வாக்கில் மணல் தட்டிலும் சிறு பொம்மைகளிலும் குழந்தைகள் தங்கள் உலகத்தை அமைக்கும் முறையை அவர் உருவாக்கினார். அதற்குத் தூண்டுதலாக இருந்தது, ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் தன் பிள்ளைகளோடு தரையில் விளையாடியதைப் பற்றி 1911-இல் எழுதிய சிறு நூல். அதே வெல்ஸ் 1913-இல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். அந்த மரபில்தான் பின்னர் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதைப் பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு பிறந்தது. இன்று வெளிநாட்டு ஆலோசகர்கள் சமூக அச்சம் உள்ள வளரிளம் பருவத்தினரோடு குழுவாக விளையாடுவது இந்த வகைப் பாத்திர விளையாட்டைத்தான். மணல் தட்டும் பகடை உருட்டும் கற்பனைப் பயணமும் ஒரே மனிதரின் வீட்டுத் தரையைத் தொட்டு வந்தவை என்பது தெரிந்தபோது, "இவை கல்விக்குப் புறம்பான பொழுதுபோக்கு" என்று சொல்பவர்களிடம் பேச எனக்குத் தெம்பு வந்தது. வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லுங்கள். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சாமான்களுக்குப் பெரிய செலவு வேண்டாம். உள்பக்கம் நீலம் பூசிய ஒரு மரத்தட்டு, கழுவிய மணல், சின்னக்கடை வீதியில் கிடைக்கும் சிறு விலங்குகள், வண்டிகள், மனித பொம்மைகள் போதும். பொம்மைகளில் நம் ஊர் இருக்க வேண்டும். அம்மாப்பேட்டைத் தறி வீட்டுப் பிள்ளைக்கும், சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் அப்பா வேலை பார்க்கும் பிள்ளைக்கும், புகைபோக்கி வைத்த ஓட்டு வீடும் பனிமனிதனும் எதற்கு? களிமண் கொடுங்கள், தறியையும் பட்டறையையும் அவர்களே செய்துகொள்வார்கள்.

நம் பலகை விளையாட்டுகளுக்கும் பாடத்திட்டத்தில் இடமில்லை என்றாலும் உங்கள் பையில் இடம் இருக்கட்டும். தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் வெளியே வரும். காத்திருப்பதைத் தாங்க முடியாத குழந்தை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பல்லாங்குழியில் வாரி இட்டுக்கொண்டே போகும் கை, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயத்தைக் குறைக்கிறது. பேசாத பிள்ளைகள் புளியங்கொட்டையைப் பார்த்தபடி பேசுவார்கள். ஆடு புலி ஆட்டம் இன்னும் ஆழமானது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் புலியை வெட்ட முடியாது. கூட்டமாக நகர்ந்து வழியை அடைத்தால்தான் வெல்லும். வகுப்பில் மற்றவர்களால் துன்புறுத்தப்படும் ஒரு பிள்ளை எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று கவனியுங்கள். ஆனால் அங்கேயே பொருள் சொல்ல வேண்டாம். புலியை எடுத்ததாலேயே அவன் அடிக்கிறவன் ஆகிவிட மாட்டான். நோட்டில் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று அமர்வுகள் அதே தேர்வு வருகிறதா என்று பாருங்கள்.

இனி வளரிளம் பருவத்தினர். களப்பயிற்சியில் என் வேலையின் பெரும்பகுதி ஏற்காட்டில், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளோடு நடந்தது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், நீங்களும் ஆய்வேட்டில் அப்படித்தான் எழுத வேண்டும்.) பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு மலை மேல் வந்திருக்கும் பிள்ளையிடம் "வீட்டு நினைவு வருகிறதா?" என்று கேட்டால் "இல்லை மிஸ்" என்ற பதில்தான் வரும். அதே பிள்ளையிடம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்திருக்கும் முகமூடி வீரனைப் பற்றிக் கேளுங்கள். அவனுக்கு என்ன சக்தி, அந்தச் சக்தி எங்கே தீர்ந்துபோகும், அவன் ரகசியம் யாருக்குத் தெரியும்? மணி அடிக்கும் வரை பேசுவார்கள். ஜப்பானிய அசைபடங்கள், கணினி விளையாட்டுகள், காமிக்ஸ் எதையும் நீங்கள் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. தெரிந்ததுபோல் நடிக்கவும் கூடாது. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "எனக்குச் சொல்லிக் கொடு" என்று உட்காருங்கள். எல்லா இடத்திலும் கற்பவனாகவே இருக்கும் பிள்ளை அந்த அரை மணி நேரம் ஆசிரியராகிறது. 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்த தலைமுறை இன்று தாத்தாக்களாக இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் புரியும், இந்த ஈடுபாடு புதிதாக வந்த நோய் இல்லை.

ஏற்காட்டில் நாங்கள் உருவாக்கிய குழு விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஊருக்கு ஏற்ப நீங்களும் அமைத்துக்கொள்ளலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதுவே எங்கள் வரைபடம். ஐந்து பேர் கொண்ட குழு அடிவாரத்திலிருந்து கிளம்பி, இரவுக்குள் சேர்வராயன் கோயிலை அடைய வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை உருவாக்குவார்கள்: ஒரு பலம், ஒரு பலவீனம், பையில் ஒரே ஒரு பொருள். வளைவுதோறும் ஏதாவது நடக்கும். மூடுபனி இறங்கும், காட்டெருமை வழியை மறிக்கும், பஸ் பழுதாகும், காப்பித் தோட்டத்திலிருந்து யாரோ கூப்பிடுவார்கள். என்ன செய்வது என்று குழு பேசி முடிவெடுத்த பிறகே பகடை.

இரண்டு விதிகளை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பகடை தவறினால் யாரும் ஆட்டத்தை விட்டு வெளியேற மாட்டார்கள். கதைதான் வேறு பக்கம் திரும்பும். இன்னொன்று, ஒவ்வொரு பாத்திரத்தின் பலவீனமும் ஏதாவது ஒரு வளைவில் குழுவுக்குப் பயன்பட வேண்டும். நடத்துகிறவர் அதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். விடுதியில் யாரோடும் சேராத ஒரு பிள்ளை தன் பாத்திரத்துக்கு "சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்வான்" என்று பலவீனம் எழுதியிருந்தது. ஒன்பதாம் வளைவில் காட்டெருமை வந்தபோது, மற்றவர்கள் ஓடலாமா, கல் எறியலாமா என்று கத்திக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை, "எனக்கு ஒளிந்துகொள்ளத் தெரியும், எல்லோரும் என் பின்னால் வாருங்கள்" என்றது. அதன் பிறகு சாப்பாட்டு வரிசையில் அந்தப் பிள்ளைக்கு இடம் பிடித்து வைக்கத் தொடங்கினார்கள். நான் அங்கே எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து, "உன் பாத்திரத்துக்கு இன்று எது கடினமாக இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். பாத்திரத்தைப் பற்றிக் கேட்கும் வரை பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பார்கள். "எனக்கும் அப்படித்தான்" என்று அவர்களாகத் தாண்டி வரும்போது வாசல் திறந்திருந்தால் போதும். பிரச்சினை வேறு, பிள்ளை வேறு என்று பிரித்துப் பேசும் மைக்கேல் ஒயிட், டேவிட் எப்ஸ்டன் வழிமுறையைப் படித்திருந்தால் இந்த இடம் நன்றாக விளங்கும்.

பெற்றோரையும் தயார்படுத்த வேண்டும். "விளையாடுவதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்?" என்று ஒரு தாய் கேட்பது நியாயமான கேள்வி, கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். முதல் சந்திப்பிலேயே நேரம் ஒதுக்கி, இவ்வளவு வாரத்தில் இன்ன மாற்றத்தை எதிர்பார்க்கிறோம், அதை வீட்டில் இப்படிக் கவனியுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களுடைய இன்னொரு அச்சம் செல்பேசி விளையாட்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 வகைப்பாடு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முன்னுரிமை பெறுதல், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்து, வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்தால்தான் அந்தப் பெயர். கோடை விடுமுறையில் நாள் முழுக்க விளையாடும் பிள்ளைக்கு அது பொருந்தாது. உண்மையிலேயே பொருந்தும் பிள்ளையை நீங்களே வைத்துக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் ஒரு பிரிவு இயங்குகிறது.

மணல் தட்டிலோ கதையிலோ பாலியல் துன்புறுத்தலின் அறிகுறி தெரிந்தால், நீங்கள் துப்பறியக் கூடாது. தூண்டிக் கேள்வி கேட்காமல், குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்ததைத் தெரிவிப்பது கட்டாயம். இதைக் குழந்தைக்கும் முதல் நாளே அதன் வயதுக்கு ஏற்ற சொற்களில் சொல்லியிருக்க வேண்டும்: "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன்." பெற்றோரின் கையில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐயும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கிறீர்கள் என்றால் அளவைச் சிறிதாக வையுங்கள். ஒரே விளையாட்டு, ஒரே குழு, முன்னும் பின்னும் அளக்க ஒரே ஒரு அளவுகோல், அதோடு உங்கள் அமர்வுக் குறிப்புகள். பள்ளி அனுமதி, பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் மூன்றையும் எழுத்தில் வாங்க இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். மலைப் பள்ளிகளில் விடுமுறைக் கால அட்டவணை வேறாக இருக்கும், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகலை முடித்தவுடன் உங்களை மருத்துவ உளவியலாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். அந்தப் படிப்புகளின் அமைப்பு மாறிக்கொண்டே வருவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலை மன்றத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். விளையாட்டு வழிச் சிகிச்சைக்கென்று குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகள் நிறைய விளம்பரமாகின்றன. பணம் கட்டும் முன், நேரடியாகக் குழந்தைகளைப் பார்க்க வைப்பார்களா, உங்கள் அமர்வுக் குறிப்பை வரிவரியாகப் படித்துத் திருத்த ஒருவர் இருப்பாரா என்று அங்கே முடித்தவர்களிடம் விசாரியுங்கள். இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை மேற்பார்வைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.