முளகுமூட்டு மடத்தில் நவம்பர் 7

அக்டோபர் 29, புதன்

ஐ.சி.எம். என்கிற கன்னியாஸ்திரிகள் சபை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டில் தொடங்கிய நாள் நவம்பர் 7. மடத்தில் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். "ரேந்தை மேசையை டீச்சர் பாத்துக்கிடட்டும்" என்று மதர் சொல்லிவிட்டாராம். ரேந்தை என்றால் கையால் பின்னுகிற லேஸ். ரிட்டயர் ஆன டீச்சர் என்றால் ஊருக்கே ஓசியில் கிடைக்கிற ஆள். போனேன்.

தகரப் பெட்டியைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசம். உள்ளே வைக்கோல் திணித்த உருளைத் தலையணை ஒன்று, துளை போட்ட அட்டைகள், நூல் சுற்றிய மரக்குச்சிகள். அட்டையைத் தலையணையில் குத்தி, குச்சிகளை ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டேன். இடது கை ஜோடியை வலது கை ஜோடியோடு குறுக்கே மாற்றி, ஒரு முறுக்கு, துளையில் ஒரு குண்டூசி, மறுபடியும் குறுக்கே. விரல் அகலக் கரையில் ஒரு சாண் வருவதற்குள் உச்சி வெயில் ஏறிவிடும். பிளஸ் ஒன் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"மிஷின்ல வராதா டீச்சர்?"

"வரும் மக்களே. அதுனாலதான் இது பெட்டிக்குள்ள கெடக்கு."

சார்ட்டில் 'மாவட்டத்தின் முதல் ரேந்தைப் பள்ளி' என்று எழுதியிருந்தார்கள். அடிக்கச் சொன்னேன். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களிலேயே பெண்களுக்கு ரேந்தை சொல்லிக்கொடுத்துவிட்டார். நம்முடைய சிஸ்டர்மார் வந்தது அதற்கு எழுபது வருடம் பிந்தி. சீர்திருத்த சபைக்காரர்களுக்குச் சேர வேண்டிய பேரை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இளைய சிஸ்டருக்கு முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் வெள்ளை ஒட்டி மறைத்துவிட்டார்.

அக்டோபர் 31, வெள்ளி

விடிந்ததில் இருந்து மழை. ரப்பர் வெட்டு இல்லை, கரண்டும் இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து வரலாற்றுச் சார்ட் எழுதினேன்.

அன்னை மரி லூயிஸ் டி மீஸ்டர் 1857இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். ஈப்பர் ஊரில் அகுஸ்தீன் சபை மடத்துக் கன்னியாஸ்திரி. அது மிஷனுக்கு ஆள் அனுப்புகிற சபையே அல்ல. முளகுமூட்டில் அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இங்கிருந்து அழைப்புப் போனதும், நாற்பது வயதில் கிளம்பிவிட்டார். கூட வந்தது சிஸ்டர் உர்சுல் ஒருவர்தான். 1897 நவம்பர் 7இல் இருவரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். கொல்லத்துக்கு ரயில் வந்தது 1904இல், நாகர்கோவிலுக்கு 1979இல். எந்தத் துறைமுகத்தில் இறங்கியிருந்தாலும் கடைசிப் பாதை மாட்டுவண்டிதான், அதுவும் இப்படி ஒரு துலா மழையில்.

புதுச் சபை தொடங்குகிற திட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. வந்த இடத்தில் வேலை பிடித்துக்கொண்டது, ஆட்கள் சேர்ந்தார்கள், சபை உண்டாயிற்று. 1910இல் பிலிப்பைன்ஸ், பிறகு கரீபியன் தீவுகள், காங்கோ, சீனா. 1928இல் அன்னை இறந்தபோது சபை பல கண்டங்களில் இருந்தது. முதல் வீடு என்னவோ நம்ம முளகுமூடு. உள்ளூரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. பக்கத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்துக்கு 2022இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகுதான் பஸ்ஸில் ஆட்கள் வந்து வழி கேட்கிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மெழுகுதிரி ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது.

எங்கள் கல்லறைக்கு இரண்டு வரிசை தள்ளி, கூலிக்கு வந்த பையன் ஒருவன் பாசியைச் சுரண்டிவிட்டு செவ்வந்தி மாலை போட்டான். பிறகு போனை உயர்த்திப் பிடித்துச் சுற்றிக் காட்டினான். மறுமுனையில் கனடாவில் இருக்கிற மகன். "சிலுவையைக் கொஞ்சம் குளோசப்ல காட்டு தம்பி" என்று சத்தம் கேட்டது. கல்லறைக்குள் இருக்கிற அம்மா மூன்று மாடி வீட்டில் கடைசி வரை ஒற்றைக்கு இருந்தவர்.

நவம்பர் 5, புதன்

'வருங்காலப் பணிகள்' பற்றிப் பேச சிஸ்டர்மாரோடு பழைய மாணவிகள் சிலரையும் அழைத்திருந்தார்கள். ஏத்தங்காய் சிப்ஸும் கட்டஞ்சாயாவும் தாராளம். முதல் ஒரு மணி நேரம் 'விளிம்புநிலை', 'உடனிருப்பு', 'காலத்தின் அறிகுறிகள்' என்றே போயிற்று. இந்த வார்த்தைகள் வந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். தப்பான வார்த்தைகள் இல்லை. யாருடைய வீட்டு வாசலும் அதில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கல்லூரி நடத்திய ஒரு மூத்த சிஸ்டர் உடைத்துப் பேசினார். 2011 கணக்கெடுப்பிலேயே இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். பள்ளிக்கூடம் கட்ட இனி நாம் தேவையில்லை. மடத்தில் சேர வரும் பிள்ளைகளும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு ஆறு பிள்ளைகள், அதில் ஒன்று மடத்துக்கு. இன்றைக்கு ஒன்றோ இரண்டோதான், அதுவும் பி.எஸ்சி. நர்சிங் முடித்து அயர்லாந்துக்கு. "யாரையும் கொற சொல்லல. நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சுத்தானே போனாங்க" என்றார்.

கடற்கரையில் இருந்து வந்தவர் ஒக்கி புயல் பற்றிச் சொன்னார். 2017 நவம்பர் கடைசியில் கடலில் போனவர்கள் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்களுக்கு வங்கி, பத்திரம், நீதிமன்றம் என்று கூடவே நடக்க ஆள் வேண்டும், பணம் இரண்டாவதுதான் என்றார். இன்னொருவர் கட்டட வேலைக்கு வரும் வடநாட்டுக்காரர்களின் குழந்தைகளைச் சொன்னார். இந்தி தெரிந்த சிஸ்டர்மார் இருக்கிறார்கள், அது நடக்கும்.

என் முறை வந்ததும் கனடாக்காரன் அம்மா கதையைச் சொன்னேன். நம் மாவட்டத்தில் இன்றைய அநாதைகளுக்கு எண்பது வயது, பேங்கில் பணமும் இருக்கிறது என்றேன். சிலர் சிரித்தார்கள். மதர் சிரிக்கவில்லை. "முதியோர் இல்லம் கட்டணுமா டீச்சர்?" என்று கேட்டார். கட்டடம் வேண்டாம், கட்டினால் அதற்கு வாட்ச்மேன், ஆடிட்டர், திறப்பு விழா என்று வளரும். வீட்டுக்குப் போய் மாத்திரை டப்பாவைப் பார்த்து, அரை மணி நேரம் பேசிவிட்டு வர இரண்டு பேர் போதும் என்றேன். தொடங்கியதும் இரண்டு பேர்தானே.

ஆனால் மடத்திலேயே பாதிப் பேர் எழுபது தாண்டியவர்கள் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். அதுவும் சரிதான். பதில் யாரிடமும் இல்லை. ஜெபம் சொல்லிக் கலைந்தோம்.

நவம்பர் 7, வெள்ளி

பூசை, பாட்டு, பொன்னாடை, வாழ்த்துரை. வாழ்த்துரைகள் நீளம், அதை விடுங்கள். பிள்ளைகள் போட்ட நாடகம் நன்றாக இருந்தது. அன்னையாக வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முக்காடு நழுவிக்கொண்டே இருந்தது. மாட்டுவண்டிக்காரனாக வந்தவள்தான் கைத்தட்டலை எல்லாம் அள்ளினாள்.

ரேந்தை மேசைக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு வயதான அம்மா அட்டையைத் தொட்டுப் பார்த்து, "எங்க அம்மைக்க கம்மல் இதுல வந்ததாக்கும்" என்றார். சார்ட்டில் நான் எழுத விரும்பியது இதைத்தான். மேலாடை போடும் உரிமைக்கு இந்த மண்ணில் பெண்கள் அடி வாங்கினார்கள், திருவிதாங்கூர் ராஜா அறிவிப்பு விட்டது 1859இல். சிஸ்டர்மார் வந்தபோது அதற்கு நாற்பது வருடம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணின் கையில் அவள் பேரில் கூலி வருவது சின்னக் காரியமா? சுவரில் அன்னையின் படம் பெரிதாக இருக்கிறது, இருக்கட்டும். இந்தக் கம்மல் கதைக்கும் ஒரு ஓரத்தில் இடம் வேண்டும் என்று மதரிடம் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் பிரியாணி. பேச்சுக்கு முன்பே போட்டிருந்தால் வாழ்த்துரைகள் தானாகக் குறைந்திருக்கும்.

நவம்பர் 8, சனி

காலையில் மதர் போன் பண்ணினார். இளைய சிஸ்டர் ஒருவரும் நர்சிங் தெரிந்த இன்னொருவரும் வாரத்தில் ஒரு நாள் வீடுகளுக்குப் போகட்டுமாம், மூன்று மாதம் பார்ப்போம் என்றார். பக்கத்துத் தெருக்களில் ஒற்றைக்கு இருப்பவர்கள் பட்டியல் கேட்டார். பதினோரு பேர் எழுதிக் கொடுத்தேன். அதில் நான்கு பேர் கத்தோலிக்கர் இல்லை. "அதுக்கென்ன" என்றார்.

முதல் பெயர் கீழத்தெரு மாமி. நாய் கடிக்கும், காதும் கேட்காது, கேட்டில் நின்று கூப்பிட்டால் பிரயோசனமில்லை, பின்பக்கம் அடுக்களை வாசலுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆட்டோவும் சொல்லியாயிற்று. வாடகை மடமா நானா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.