தாத்தா பெயர் எந்தச் சுவரில்?
லீவுக்குத் தில்லி வருகிறவர்கள் "போர்ல போன தாத்தா பேரு இந்தியா கேட்ல இருக்கும்ல?" என்று கேட்பதுண்டு. எந்தப் போர்? அதுதான் முதல் கேள்வி.

இந்தியா கேட்டில் இருப்பவை முதல் உலகப்போர், 1919 ஆப்கன் போர் காலத்துப் பெயர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு என்றால் பக்கத்திலேயே தேசியப் போர் நினைவகம், 2019இல் திறந்தது. அங்கே தியாக் சக்ரா என்ற வட்டச் சுவர்களின் கருங்கல் பலகைகளில் 25,000க்கு மேல் பெயர்கள். இரண்டாம் உலகப்போரில், பர்மா சண்டையில் போன கொள்ளுத்தாத்தா இரண்டிலுமே இருக்க மாட்டார். அவரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடணும்.

நம்மாட்கள் தடுக்கி விழுவது இனிஷியலில்தான். வெறும் 'முருகேசன்' என்று தேடினால் ஆள் அகப்படுவது கஷ்டம். ராணுவ எண்ணும் ரெஜிமென்ட்டும் வேண்டும். பென்ஷன் புத்தகம் தொலைந்துபோனதா? பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பொறித்திருக்கும். தயவுசெய்து குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தே அழிந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

பிள்ளைகளோடு போனால் தேசியப் போர் நினைவக வளாகத்திலேயே இருக்கும் பரம் யோதா ஸ்தலத்தை விடாதீர்கள். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உச்ச விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். 1987இல் இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அங்கே இருக்கிறார். நுழைவுக் கட்டணம் கிடையாது.