தொழிற்புரட்சிப் பாடத்தை நான் படித்த முறை

மொரீஷியஸில் எச்.எஸ்.சி. (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) வரலாற்றுத் தேர்வுக்காகப் பிரிட்டனின் தொழிற்புரட்சியைப் படித்தபோது, கண்டுபிடிப்புகளை ஆண்டுவாரியாக மனனம் செய்வதை விடுத்து, ஒவ்வொன்றும் எந்த இடையூறை நீக்கியது, நீக்கியபின் அடுத்த இடையூறு எங்கே முளைத்தது என்ற இரு கேள்விகளோடு அணுகினேன். இனித் தேர்வு எழுதவிருக்கும் மாணவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

பருத்தித் தொழிலிலிருந்து தொடங்குவது நல்லது. 1733இல் ஜான் கே காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா (தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுசெல்லும் கருவி) நெசவை விரைவாக்கியதால் நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அத்தட்டுப்பாடே 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்துக்கும், 1769இல் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற நீர்விசை நூற்பு இயந்திரத்துக்கும் வழிவகுத்தது. இவ்விரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிட்டால் விடை வலுவிழந்துவிடும். ஜென்னியைக் கையால் சுழற்றலாம், ஆகவே சிறிய ஜென்னிகள் வீட்டுக்குள்ளேயே அடங்கின. ஆர்க்ரைட்டின் இயந்திரத்துக்கோ ஓடும் நீர் வேண்டும், ஆகவே தொழிலாளர்கள் அது இருக்கும் இடத்துக்கு வரவேண்டியதாயிற்று. 1771இல் குரோம்ஃபோர்டில் அவர் ஆலை நிறுவியதை இந்தக் காரணத்தோடு இணைத்து எழுதினால், தொழிற்சாலை முறை ஏன் தோன்றியது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நீராவி இயந்திரத்தை எனக்கு விளங்கவைத்தது, நம் முன்னோர் பலர் உழைத்த சர்க்கரைத் தொழில்தான். வாட்டுக்கு முன்பிருந்த நியூகோமனின் நீராவி இயந்திரத்தில் ஒவ்வொரு வீச்சிலும் உருளையையே (சிலிண்டரையே) குளிரவைத்து மீண்டும் சூடாக்க வேண்டியிருந்ததால் நிலக்கரி பெருமளவில் வீணாயிற்று. ஜேம்ஸ் வாட் நீராவியைக் குளிரவைக்கத் தனிக் கலம் அமைத்து, உருளை எப்போதும் சூடாகவே இருக்கும்படி செய்தார். வெப்பத்தை வீணாக்கக் கூடாது என்ற இதே அக்கறையை, 1840களில் நோர்பர்ட் ரில்யூ கரும்புச் சாற்றைக் காய்ச்ச வகுத்த முறையிலும் காணலாம்: ஒரு கலத்தில் எழும் ஆவியே, அழுத்தம் குறைக்கப்பட்ட அடுத்த கலத்திலுள்ள சாற்றைக் கொதிக்கவைக்கிறது. பாம்ப்ளிமூஸ் அருகே போ பிளானில் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ள பழைய சர்க்கரை ஆலைக்கு ஒருமுறை சென்று பாருங்கள். படத்தில் குழப்பமாகத் தெரியும் பல பகுதிகள் நேரில் தெளிவாகும். ரில்யூ அமெரிக்காவில் பிறந்தவர், பிரிட்டன் பற்றிய விடையில் அவருக்கு இடமில்லை. வாட்டைப் புரிந்துகொள்வதற்கு மட்டும் அவரைப் பயன்படுத்துங்கள்.

இரயில் பாதைகளுக்கு 1825 (ஸ்டாக்டன்–டார்லிங்டன்), 1830 (லிவர்பூல்–மான்செஸ்டர்) ஆகிய ஆண்டுகளும் ஊர்களும் நினைவிலிருந்தால் பெரும்பாலும் போதும்.

‘எவ்வளவு தூரம்’ என்று கேட்கும் வினாக்களில், காப்புரிமை பெற்ற ஆண்டையும் பயன்பாடு பரவிய காலத்தையும் பிரித்துக் காட்டுங்கள். வாட் 1769இல் காப்புரிமை பெற்றாலும், அவருடைய இயந்திரங்கள் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது 1776இல்தான். கார்ட்ரைட்டின் விசைத்தறி 1785ஐச் சேர்ந்தது. ஆயினும் 1820களில்கூடப் பிரிட்டனில் கைத்தறி நெசவாளர்கள் பெருந்தொகையினராக இருந்தனர். மாற்றம் திடீரென நிகழ்ந்ததா, படிப்படியாக நிகழ்ந்ததா என்று வாதிட வேண்டிய இடத்தில், இந்த இரு இடைவெளிகளையும் தனித்தனிப் பத்திகளில் விரித்து எழுதுங்கள்.