லைப்ரரிக்கு என்று சொல்லிவிட்டு...

உயர்தரம் படித்த காலத்தில் "லைப்ரரிக்குப் போறம்" என்று சொன்னால் வீட்டில் மறுபேச்சு இருக்காது. கொழும்புப் பொது நூலகம் 1980இல் புதுக் கட்டடத்துக்கு வந்தது எங்களுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. பக்கத்திலேயே விகாரமகாதேவி பூங்கா. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போய்விடுவோம். கையில் மாங்காய், உப்பும் தூளும் போட்டு.

வயதானவர்கள் அப்போதும் விக்டோரியா பார்க் என்றுதான் சொல்வார்கள். மகாராணியின் பெயரை எடுத்துவிட்டுப் பழைய சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் தாயின் பெயரை வைத்தது சுதந்திரத்துக்குப் பிறகு. இரண்டாம் உலகப் போரில் இராணுவம் இங்கே முகாமிட்டிருந்ததால், சீர்செய்து 1951இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். மாநகர சபையின் வெள்ளைக் குவிமாடமும் எதிரே புத்தர் சிலையும் இருக்கும் பக்கத்தில் படம் பிடிக்கிறவர்கள் கூட்டம். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது தெருவைக் கடந்து நூதனசாலையில் இருக்கிறது.

ஆளுநர் கிரகரி காலத்தில், 1877இல் திறந்த கட்டடம் அது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடிவைத்தால் போதும் என்றாராம். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் பாணி நடராசர் வெண்கலங்கள் அங்கேதான் உள்ளன. ஆனால் எங்கள் வரலாற்று சேர் நேரே கூட்டிப்போய் நிறுத்தியது ஒரு கல்லின் முன்னால். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு பொறித்தது. 1911இல் காலியில் கிடைத்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரை விஷ்ணுவான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல்! செங் ஹேயை அனுப்பிய சீனப் பேரரசர், யாரையும் பகைக்காமல் வியாபாரம் பார்க்கத் தெரிந்தவர். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்க முயன்று, இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம்.

பூங்காவை ஒட்டிய கிறீன் பாத் தெருவுக்கு இப்போது ஆனந்த குமாரசுவாமியின் பெயர். நூதனசாலை திறந்த அதே 1877இல் கொழும்பில் பிறந்தவர், நடராசர் தாண்டவத்தின் பொருளை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர். பொருத்தமான பெயர்தான். 2011இல் அங்கே தாமரைத் தடாகம் அரங்கும் எழும்பிவிட்டது. தெருவோர ஓவியர்கள் வேலியில் படங்களைச் சாத்திவைத்து விற்பார்கள், பேரம் பேசலாம். நான் வாங்கிய யானைப் படத்துக்குக் கொடுத்த காசைவிட, அதை விமானத்தில் ஏற்றக் கொடுத்தது அதிகம்.