ஐந்தாம் நிலையில் ஒரு விவசாயி

மாமரம் பூக்கும் காலமும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் எங்கள் பக்கம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். சந்தூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் தோப்புகளைத் தாண்டும்போது பூ வாசனை மூக்கில் ஏறும். இந்த வருடம் அந்த வாசனை எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயத்தையே தந்தது. போன கோடையில் பெங்களூரா ரக மா கிளை ஒடியக் காய்த்தது. விலைதான் இல்லை. மாங்கூழ் தொழிற்சாலைகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். பறிப்புக் கூலியையும் வண்டி வாடகையையும் கணக்குப் போட்டுவிட்டுப் பாதிக் காயை மரத்திலேயே விட்டோம். அப்புறம் கடன், வட்டி. அதை விரிப்பானேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு, அதாவது இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு நிலைகளாக நினைத்து ஜெபிக்கும் வழிபாட்டுக்கு, கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலம் போகலாம் என்று தோன்றியது. மச்சான்தான் பைக்கில் கூட்டிப்போனான். என் மனைவியின் தம்பி. என் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். விரும்பிப் போடவில்லை. அக்கா அழுதாள், போட்டான்.

1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தில் சேர்ந்தது எங்கள் கிருஷ்ணகிரி. மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியவர்களில் நெற்றியில் திருநீறு வைத்தவர்களும் இருந்தார்கள். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

1917-இல் போர்ச்சுகல் நாட்டு பாத்திமாவில் மாதாவைக் கண்டவர்கள் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள். அவர்களில் பிரான்சிசு 1919-லும் ஜசிந்தா 1920-லும் அப்போது உலகத்தையே வாட்டிய விஷக்காய்ச்சலில் விழுந்து இறந்துபோனார்கள். மாதாவிடம் போனால் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சுலபமாகச் சொன்னால், எனக்கு அந்த இரண்டு பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வரும்.

சிலுவைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால் போட்டு எழுந்தோம். ஐந்தாம் நிலை, சீரேனே ஊர் சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமப்பது. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். பிரசங்கங்களில் சீமோனைப் பெரிய தாராள மனசுக்காரராகவே காட்டுவார்கள். ஆனால் பைபிளில் மாற்கு நற்செய்தியில் அப்படி இல்லை. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மனிதரைப் பிடித்துக் கட்டாயப்படுத்திச் சுமக்கவைத்தார்கள் என்றுதான் இருக்கிறது. அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனவர். மனசுக்குள் திட்டிக்கொண்டேகூடச் சுமந்திருக்கலாம். ஆனாலும் அந்த நேரத்துக்கு இயேசுவின் தோளில் பாரம் குறைந்ததே! எனக்கு அது போதும். இத்தனை மாதமாக ஆண்டவர் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஒருவன் என் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தான்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்றாம் நிலையில் முதல் முறை விழுகிறார், ஐந்தில் உதவி வருகிறது. சரி, இனி விழமாட்டார் என்று பார்த்தால், ஏழில் விழுகிறார், ஒன்பதில் மறுபடியும் விழுகிறார். மூன்று முறை விழுந்தார் என்பது நற்செய்தியில் கிடையாது, பக்தி மரபில் வந்தது. ஆனால் அதை அந்த வரிசையில் வைத்தவர்கள் வாழ்க்கையில் அடிபட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். உதவி வந்த பிறகும் விழலாம், விழுந்தவர் எழுந்து நடக்கவும் செய்கிறார். அங்கே நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

அபக்கூக்கு இறைவாக்கினர், அத்திமரம் பூக்காவிட்டாலும் திராட்சை காய்க்காவிட்டாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்கிறார். நல்ல விசுவாசம்தான். ஆனால் காய்த்தும் விலை இல்லாத வருடத்தை அவர் சொல்லவில்லை. அதை நாமே சேர்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். சீமோனின் பிள்ளைகள் அலெக்சாந்தர், ரூப்பு என்று மாற்கு பெயரோடு எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பம் அன்றைய விசுவாசிகளுக்குத் தெரிந்த குடும்பமாக இருந்திருக்கும் என்றேன். கொஞ்சம் பெருமைப்படுவான் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் சரி மாமா," என்றான் டம்ளரை வைத்துவிட்டு. "நீங்க ஏழோட நிறுத்திக்கோங்க. ஒன்பதுக்கெல்லாம் என்னால வர முடியாது."

டீக்குக் காசு அவனே கொடுத்தான்.