டயல்ல ஒட்டுன பொட்டு

காலைல அம்மா ரேடியோவைத் திருகுனதும் அந்த ஆகாசவாணி ட்யூன். தம்பூராவும் வயலினும். பல் தேய்ச்சுட்டு இருந்தவன் அப்படியே நின்னுட்டேன்.

1936ல வால்டர் காஃப்மன் போட்டது, நாஜிகள் காலத்துல ஐரோப்பாவை விட்டு பம்பாய் வந்த யூதர். ஊரை விட்டு வந்தவரோட மெட்டுலதான் நம்ம ஊரு எத்தனை வருசம் விடிஞ்சிருக்கு!

டயல்ல 936 பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அம்மாவுக்கு நம்பர் தெரியறதில்ல, முள்ளு பொட்டைத் தொட்டா திருச்சி. மெரூன் பொட்டு, வெளுத்து ரோஸ் கலராயிடுச்சு.

இன்னைக்கு லீவு, பூரா நாளும் கூடவே உக்காந்து கேட்டேன், கச்சேரி, செய்தி, பழைய பாட்டு, அப்பறம் ஒருத்தர் நெல்லுல வர்ற குருத்துப்பூச்சி பத்திப் பேச ஆரம்பிச்சார், நான் மாத்தப் போனேன்.

"இருடா, கேப்போம்."

நெலத்தை வித்து பதினஞ்சு வருசமாச்சு எங்களுக்கு.

அப்பதான் அம்மா ரேடியோ நெல்லு கதை சொன்னாங்க. அறுபதுகள்ல ஆடுதுறை 27 ரகத்தைப் பத்தி திருச்சி ஸ்டேஷன்ல சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் பக்கம் பரவுச்சு, அதனால நெல்லுக்குப் பேரே ரேடியோ நெல்லு. தாத்தாவும் போட்டாராம்.

போன்ல எனக்குப் புடிச்சதேதான் திரும்பத் திரும்ப வருது. ரேடியோல அடுத்து என்ன வரும்னு நம்ம கைல இல்ல, யாருக்கோ பேசுறதை நாமளும் கேக்கறோம், அது எவ்ளோ பெரிய விசயம்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது.

ராத்திரி அம்மா தூங்கிட்டாங்க. ஆஃப் பண்ணப் போனேன், கச்சேரில மிருதங்கம் தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சிடுச்சு.

கைய எடுத்துட்டேன்.